மூன்று வாயில் கேட்ட சொல்

அழுக்குத் துணி பிரிக்கிற மேஜையில் இருபது வருஷமாக நிற்கிறேன். எல்லாம் ஆஸ்பத்திரித் துணி. என்னென்ன வரும் என்று சாப்பிடுகிற நேரத்தில் யாரும் என்னைக் கேட்டுவிடாதீர்கள். படுக்கை விரிப்பு ஒரு கூடை, துண்டு ஒரு கூடை, நர்சுகளின் சட்டையும் எங்கள் ஆட்களின் வேலை உடுப்பும் ஒரு கூடை. உடுப்பு என்றால் பைக்குள் கைவிட்டுப் பார்த்தாக வேண்டும். பேனா இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும், ஒரு தடவை முழு பல் செட்டே இருந்தது. எல்லாவற்றையும்விட மோசம் காகிதம்தான். ஒரு துண்டு துவைக்கிற டிரம்முக்குள் போனால் போதும், நூறு நீல விரிப்பிலும் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் உட்கார்ந்து நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுக்க வேண்டும். என் கையைத் தாண்டி ஒரு காகிதம் உள்ளே போனதில்லை என்று எல்லோரிடமும் மார்தட்டிக்கொள்வேன். பெருமைக்குத்தான், வேறெதற்கு.

அந்தப் பக்கம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம். எங்கள் லாண்டரியை ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. சுவரிலேயே ஆறு டிரம்களைப் பதித்திருக்கிறார்கள். அழுக்கு இந்தக் கதவு வழியாக உள்ளே போகும், வெளுத்ததும் அந்தக் கதவு வழியாக வெளியே வரும். இந்தப் பக்கம் நாற்றம், அந்தப் பக்கம் வேக்காடு. அங்கே ரோலர் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பெண்கள் விரிப்பின் முனைகளைப் பிடித்து ஊட்டிவிட, அது இஸ்திரியாகி ஆவி பறக்க மறுபக்கம் விழும். அந்த இருவரில் ஒருத்தி சிட்டு. அது அவள் பெயரல்ல, கை வேகத்தைப் பார்த்து நாங்கள் வைத்தது.

டயர் கடைக்கு மேலே சிட்டு குடும்பம் எடுத்திருந்த வீட்டில் ஓர் அறை எனக்கு. அவள், அவள் புருஷன், அவள் தம்பி, நான். சமையலறை ஒன்றுதான். அதனால் அவர்கள் சண்டையும் சிரிப்பும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

புருஷனுக்கு லாண்டரி வைத்த பெயர் டிக்‌ஷனரி. அந்தப் பெயர் சும்மா கிடைக்கவில்லை. எங்கள் சூப்பர்வைசர் நேராக ஒரு வார்த்தை பேச மாட்டார். எல்லாம் சுற்றுப்பேச்சு இங்கிலீஷ். டிக்‌ஷனரி சேர்ந்த முதல் வாரம், மடித்த விரிப்புகளை ஆளுயரத்துக்கு அடுக்கிய வண்டியைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தள்ளியிருக்கிறார். ‘நாக் இட் ஆஃப்’ என்று கத்தினார் சூப்பர்வைசர். பாட்டை நிறுத்து என்று அர்த்தம். இவரோ நாக் என்றால் தட்டு, ஆஃப் என்றால் கீழே என்று எடுத்துக்கொண்டு மொத்த அடுக்கையும் ஈரத் தரையில் தட்டிவிட்டார். தட்டிவிட்டு ‘டன் சார்’ என்று வேறு சொன்னாராம். ஒரு மாசத்துக்கு வழியில் போகிறவனெல்லாம் அவரைப் பார்த்து ‘டன் சார்’ என்றான்.

அன்றைக்கு வாங்கினார் ஒரு நீட்டு நோட்டு. எந்த வாயிலிருந்து எந்தச் சுற்றுப்பேச்சு வந்தாலும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். அதற்குக் கீழே சொல்லுக்குச் சொல் தமிழ். அதற்கும் கீழே, தேடிப் பிடித்த அர்த்தம். ஆனால் ஒரு தடவை கேட்டு நம்ப மாட்டார். வேறு வேறு ஆள் வாயில் மூன்று தடவை அதே அர்த்தம் வர வேண்டும். வந்தால்தான் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். வட்டம் விழாததை யாருக்கும் சொல்லவும் மாட்டார். பள்ளிக்கூடத்துக் கடுதாசி, வீட்டுக்காரர் கடுதாசி என்று எங்கள் ஆட்கள் எதைக் கொண்டுவந்தாலும், சந்தேகம் இருந்தால் “ரெண்டு வாய்தான் ஆச்சு, நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, அவர் சொன்ன அர்த்தம் ஒரு நாளும் தப்பினதில்லை.

நோட்டுக்குப் பாதி சரக்கு கொண்டுவந்தவன் தம்பிதான். சிட்டுவின் தம்பி, எங்கள் எல்லோருக்கும் தம்பி. டிரம்மில் துணி ஏற்றுகிற வேலை. அப்பா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் சிட்டு. கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வேலைக்குக் கூட்டிவந்தவளும் அவள்தான். ஊரில் அம்மா மட்டும் இருந்தாள். சாயங்காலம் சிட்டு வெங்காயத்தை வதக்கிக்கொண்டிருப்பாள், தம்பி கையைக்கூடக் கழுவாமல் ஆரம்பிப்பான்.

“மாமா, இன்னிக்கு சூப்பர்வைசர் என்னைப் பாத்து இன்னும் கொஞ்சம் எல்போ கிரீஸ் போடுன்னாரு.”

“முழங்கை கிரீஸா?” டிக்‌ஷனரி நோட்டை எடுத்துவிட்டார்.

“ஆமா. நானும் டிரம்முக்குப் பின்னாடி போய் கிரீஸ் டப்பாவைத் தேடி எடுத்து, ரெண்டு முழங்கையிலயும் நல்லா தடவிக்கிட்டு வந்து காமிச்சேன்.”

“பொய் சொல்றான், நம்பாதீங்க” என்றாள் சிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“உம்மேல சத்தியமாக்கா! அந்தாளு தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. ஒழுங்கா உடம்பை வளைச்சு வேலை பாருன்னு அர்த்தமாம், துணி வண்டி தள்றவன் சொன்னான்.”

“ஒரு வாய்தான் ஆச்சு மாப்ளே. இன்னும் ரெண்டு வேணும்” என்று டிக்‌ஷனரி எழுதிக்கொண்டார். அவருக்குச் சிரிக்க நேரமில்லை.

அந்தச் சமையலறையில் நான் சிரித்ததுபோல வேறெங்கும் சிரித்ததில்லை. நல்லாயிருந்த வீடு. யார் கண் பட்டதோ.

மழைக்காலம் முடியும்போது தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்தது. சட்டை தொளதொளத்தது, பல் ஈறில் ரத்தம் கசிந்தது. ஈரத்தில் நிற்கிற வேலை, எல்லாருக்கும் வருவதுதான் என்று நானே சொன்னேன். சோதித்துப் பார்த்தால் கோளாறு ரத்தத்தில். அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ‘ரத்தத்துல’ என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அன்று நானும் கூடப் போனேன். நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் ஒரு கேள்வி, குடும்பத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று. போனில் தமிழ் பேசுகிற ஆள் கிடைப்பார்களாம். டிக்‌ஷனரி நெஞ்சில் கை வைத்து, “நோ, நோ. ஐ ஆம் ஹியர்” என்றார். வேண்டாம் என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டார். சிட்டு அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. அப்படி ஒரு பெருமை. எனக்கும்தான் பெருமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி இரண்டு பஸ் தூரம். தொற்று வந்துவிடும் என்று ஒரு நேரத்தில் ஒருத்தரைத்தான் விடுவார்கள். சிட்டுவுக்குக் காலை ஆறிலிருந்து நாலு வரை வேலை, அவள் ஞாயிறுதான் போக முடியும். டிக்‌ஷனரி பிற்பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு தினமும் காலையில் போனார், டாக்டர் வருகிற நேரத்துக்கு. போய்ப் பார்த்துவிட்டு வேலைக்கு வருவார். ஷிப்டின் நடுவில் கிடைக்கிற அரைமணியில் வீட்டுக்கு ஓடிவந்து நாலு வாய் சோற்றோடு அன்றைய சேதியைச் சொல்வார். நாங்கள் இருவரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

“இன்னும் காட்டை விட்டு வெளிய வரலையாம்.”

“எந்தக் காடு?” என்றாள் சிட்டு.

“அது அவங்க பேச்சு. ஆபத்து இன்னும் முழுசா விலகலைன்னு அர்த்தம். மூணு வாய் ஆயிடுச்சு.”

அதைச் சிட்டு அப்படியே பிடித்துக்கொண்டாள். அம்மாவிடம் போனில் பேசும்போதும் அதேதான்.

“காட்டுக்குள்ளதாம்மா இருக்கான். வந்துருவான்.”

“ஆஸ்பத்திரியிலன்னு சொன்னே, இப்ப காடுங்கறே? அங்க எதுக்குடி பிள்ளையைக் கொண்டுபோய்ப் போட்டீங்க?”

“ஐயோ, அது இங்கிலீஷும்மா. உனக்குப் புரியாது.”

“என்ன எழவு இங்கிலீஷோ. அவன் ராத்திரியில பயப்படுவான்டி, லைட்டைப் போட்டு வைக்கச் சொல்லு.”

நாங்கள் சிரித்தோம். ஆறாவது வாரம் வரைக்கும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது என்பதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை. சிட்டு முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். டிக்‌ஷனரி உள்ளே வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

“என்னங்க, காட்டை விட்டு வந்துட்டானா?”

அவர் அவளைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பிறகு சொன்னார், “மூலை திரும்பிட்டானாம்.”

“அப்டின்னா?”

“மோசமான கட்டம் தாண்டிருச்சுன்னு அர்த்தம். இனிமே தேறிடுவான்.”

சிட்டு கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். டிக்‌ஷனரி சாப்பிடவில்லை, ஷிப்டுக்கு நேரமாச்சு என்று இறங்கிப் போய்விட்டார். சிட்டு உடனே அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது, சந்தோஷ அழுகை.

வியாழன் எனக்கு வார விடுப்பு. அன்று அவருக்குப் பதில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி தலையணையோடு தலையணையாகக் கிடந்தான். உதடு வெடித்துக் கிடந்தது. மூலை திரும்பியவன் மூஞ்சியா இது என்று எனக்குத் திக்கென்றது. ஆனால் டிக்‌ஷனரி சொல்லியாயிற்று. அவர் சொன்னது என்றைக்குத் தப்பியிருக்கிறது? நோய் இறங்கும்போது உடம்பு அடித்துப் போட்டாற்போலத்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“நர்ஸ் என்னை சின் அப்புங்கறாங்கக்கா” என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “தாடையைத் தூக்கி வெச்சுக்கணுமாம். தூக்கியே வெச்சிருக்கேன், கழுத்து வலிக்குது.”

“தைரியமா இருன்னு சொல்றாங்கப்பா. மாமாகிட்ட சொன்னியா? எழுதிக்குவாரே.”

“சொன்னேன். ரெண்டு நாளா எது சொன்னாலும் மண்டையை மண்டையை ஆட்டுறாரு. நோட்டை எடுக்கவே மாட்டேங்கறாரு.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “அக்காவை ஒரு நாள் லீவு போட்டுட்டு வரச் சொல்றீங்களா?”

“ஞாயித்துக்கிழமை வருவாளேப்பா.”

“அது இன்னும் மூணு நாள் இருக்கு.”

சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து சொல்லவும் சொன்னேன்.

“லீவை எடுத்து வெச்சிருக்கேன்கா” என்றாள் சிட்டு. “அவன் வீட்டுக்கு வந்ததும் பத்து நாள் சேர்ந்தாப்புல போட்டுக்கிட்டு கூடவே இருந்து பாத்துக்க வேணாமா? இப்பவே செலவழிச்சா அப்பறம் யாரு பாப்பா? ஞாயித்துக்கிழமை போய் நாள் பூரா உக்காந்துட்டு வர்றேன்.”

டிக்‌ஷனரி பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “போயிட்டுத்தான் வாயேன்” என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

“நீங்க வேற. மூலை திரும்பிட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவர் தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நான் துவைத்த கூடைகளை வாங்க உடை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தேன். சூப்பர்வைசர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்திலிருந்து வந்தார். தொப்பியில்லாமல் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. ரோலர் முன்னால் போய் நின்றார். சிட்டு விரிப்பின் முனையைப் பிடித்தபடி திரும்பினாள். அவர் ஏதோ ஒரு சுற்றுப்பேச்சைத் தேடினார், வாயைத் திறந்து திறந்து மூடினார், கடைசியில் சொன்னார்: “யுவர் பிரதர் இஸ் டெட்.”

அதற்கு எந்த நோட்டும் தேவைப்படவில்லை. எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. சிட்டு முனையை விடவில்லை. ரோலர் விரிப்பை இழுத்துக்கொண்டே போனது, அவள் கை உள்ளே போவதற்குள் எதிரே நின்றவள் பட்டனை அடித்து நிறுத்தினாள். விரிப்பு கோணலாகச் சிக்கிக் கருகத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தவர் டிக்‌ஷனரிதான். சிட்டுவைக் கூப்பிடச் சொல்லவில்லை. தமிழில் சொல்ல வாய் வராமல் சூப்பர்வைசரிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எல்லாம் முடிந்து நாலாவது நாள், தம்பியின் சாமான்களை வாங்கிவர நானும் சிட்டுவும் போனோம். டிக்‌ஷனரியை அவள் கூப்பிடவில்லை, அவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு போர்வை, செல்போன், செருப்பு. கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் நர்ஸ் போனை ஸ்பீக்கரில் வைத்து ஓர் எண்ணை அழுத்தினாள். போனுக்குள் ஒரு பெண் தமிழ் பேசினாள். செய்தி வாசிக்கிறவர்கள்போலத் திருத்தமான தமிழ்.

“உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று சொல்கிறார்கள். கடைசி நாட்களில் நீங்கள் உடன் இருக்க முடியாமல் போனது அவர்களுக்கும் வருத்தம்.”

“கடைசி நாள்னு எனக்கு யாரும்மா சொன்னா?” என்றாள் சிட்டு.

போன் அந்தப் பக்கம் இங்கிலீஷில் கேட்டது. நர்ஸ் ஏட்டைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொன்னாள்.

“செவ்வாய்க்கிழமை காலையிலேயே உங்கள் கணவரிடம் தெரிவித்திருக்கிறார்கள். இனி சிகிச்சை பலன் தராது, குடும்பத்தினர் இரவும் பகலும் உடன் இருக்கலாம், அதற்குத் தனி அறை தருகிறோம் என்று. உங்கள் கணவர் சரி என்று சொன்னாராம்.”

சிட்டு போர்வையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வருகிற இரண்டு பஸ்ஸிலும் அதை விடவில்லை. நான் மட்டும்தான் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன், என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது.

சமையலறையில் டிக்‌ஷனரி உட்கார்ந்திருந்தார். அவள் போர்வையை மேஜைமேல் வைத்தாள்.

“செவ்வாக்கிழமை டாக்டர் என்ன சொன்னாரு?”

அவர் நிமிரவில்லை.

“உங்களைத்தான் கேக்கறேன். செவ்வாக்கிழமை என்ன சொன்னாங்க?”

“எனக்குப் புரியலை” என்றார்.

“என்னது?”

“அவங்க சொன்னது எனக்குப் புரியலைம்மா. அவங்க பாட்டுக்கு வேகமா பேசினாங்க. நல்லாயிடும்னு சொல்றாங்கன்னு நெனச்சுட்டேன்.”

நான் அந்த மனுஷனை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். புரியவில்லை என்ற சொல் அவர் வாயில் வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

“புரியலைன்னா இன்னொருக்கா கேக்க வேண்டியதுதானே? மூணு வாயில கேக்கற ஆளாச்சே!” சிட்டு கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. “அந்தப் பேப்பர்ல வேணாம்னு டிக் போட்டீங்களே, போன்ல தமிழ்ல பேசறாங்க. பச்சைத் தமிழ். ஒரு கொழந்தைக்குப் புரியும். உங்க இங்கிலீஷ் பெருமையைக் காட்ட எந்தம்பிதான் கெடச்சானா? வரச் சொல்லி அனுப்பினான். லீவை மிச்சம் பிடிக்கறேன்னு சொன்னேனே பாவி. அவன் மூச்சு நிக்கற நேரத்துல எவனுக்கோ விரிப்பு தேச்சுக்கிட்டு நின்னேன்.”

“தப்புதான்.”

“தப்பா! அம்மாவுக்கு என்ன சொல்லட்டும்? மூலை திரும்பி எங்க போனான்னு கேக்கறா. என்ன சொல்லட்டும்?”

அன்றிலிருந்து அவள் என் அறையில் படுத்தாள். சமைத்துச் சட்டியை அடுப்பிலேயே வைத்துவிடுவாள், அவர் வந்து தானே போட்டுக்கொண்டு தின்ன வேண்டும். அவர் இருக்கிற அறையில் அவள் நிற்க மாட்டாள்.

லாண்டரிக்குச் சேதி போக எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாரத்தில் கடுதாசி கொண்டுவருகிறவர்கள் நின்றுபோனார்கள். தம்பி இருந்த டிரம்மில் துணி ஏற்ற அவரையே போட்டார் சூப்பர்வைசர், அதனால் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். வண்டிக்காரன் ஒருத்தன் போகிறபோக்கில் “டன் சார்” என்றான். அவர் காதில் விழாததுபோல மூட்டையைத் தூக்கினார். என் வாயும் சும்மா இருக்கவில்லை. “தெரிஞ்சா தெரியும்னு சொல்லணும், தெரியலைன்னா பொத்திக்கிட்டு இருக்கணும்” என்று அவர் காது கேட்கவே சொன்னேன். அதற்கும் தலையை ஆட்டினார்.

இருபது நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை. எங்கள் ஆட்களின் உடுப்பு மூட்டையை அவிழ்த்துப் பை பையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு உடுப்பின் உள்பையில் நீட்டாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால் அந்த நோட்டு. உடுப்பை மாற்றும்போது எடுக்க மறந்திருக்கிறார். ஓரமாக வைக்கத்தான் போனேன். தம்பி சொன்ன முழங்கை கிரீஸுக்கு வட்டம் விழுந்ததா பார்ப்போம் என்று ஓர் ஆசை. கையுறையைக் கழற்றிவிட்டுப் புரட்டினேன். விழுந்திருந்தது. அப்படியே கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன்.

செவ்வாய் என்று போட்டிருந்தது. அவருடைய சின்னச் சின்ன எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை.

‘பெரிய டாக்டர்: வீ ஹேவ் கம் டு தி எண்ட் ஆஃப் தி ரோட். சொல்லுக்குச் சொல்: சாலையின் முடிவுக்கு வந்துவிட்டோம். அர்த்தம்: இனிமேல் மருந்து இல்லை. ஒரு வாய்.

நர்ஸ்: ஹி இஸ் ஸ்லிப்பிங் அவே. சொல்லுக்குச் சொல்: வழுக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். அர்த்தம்: அதே. இரண்டு வாய்.

சின்ன டாக்டர்: நானே நேராகக் கேட்டேன், செத்துவிடுவானா என்று. யெஸ், இந்த வாரமே என்றார். மூன்று வாய்.’

சிவப்பு வட்டம் போட்டிருந்தது. அதற்குக் கீழே:

‘சிட்டுவிடம் சொல்ல வேண்டும்.

புதன்: சொல்லவில்லை.

வியாழன்: சொல்லவில்லை.

வெள்ளி: நாளைக் காலை கண்டிப்பாக.’

அதற்கப்புறம் வெள்ளைத் தாள்.

நோட்டைத் துணிக்கடியில் மறைத்துக்கொண்டு எதிரே பார்த்தேன். டிக்‌ஷனரி டிரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பையைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். நோட்டோடு அவரிடம் போனேன்.

“உனக்குத் தெரிஞ்சிருக்கு.”

“ஆமாக்கா.”

“தெரிஞ்சேதான் அவளை ரோலர்ல நிக்க வெச்சியா? அடப் பாவி! நீ மனுசனா?”

“சொல்லத்தான் வந்தேன். அன்னிக்கு வாசப்படி ஏறும்போதுகூட எப்படிச் சொல்றதுன்னு சொல்லிப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். அவ முட்டையை வேகவெச்சிட்டு, காட்டை விட்டு வந்துட்டானான்னு சிரிச்சா. வாயைத் திறந்தேன், வேற வந்துருச்சு. வந்ததை அவ அம்மாவுக்குச் சொல்லிட்டா. அப்பறம் எப்படித் திருப்பறது? ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்குன்னே போச்சு. வெள்ளிக்கிழமைகூட இன்னும் ஒரு நாள் இருக்கும்னுதான் நெனச்சேன்.”

“அதுக்கு ஏன்யா புரியலைன்னு புளுகினே? ஊரே சிரிக்குது உன்னைப் பாத்து.”

“சிரிக்கட்டும்.” மூட்டையைப் பிரித்து விரிப்புகளை டிரம்முக்குள் தள்ளினார். “தெரியாம பண்ணிட்டான்னா என்னிக்காவது ஒரு நாள் அவ மனசு எறங்கும்கா. தெரிஞ்சே சொல்லலைன்னா எறங்குமா? நீங்களே சொல்லுங்க.”

கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. வியாழக்கிழமை அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவள் நானும்தானே. இவன் சொல்லிவிட்டான் என்று சும்மா இருந்தேனே.

“அவகிட்ட காட்டப் போறீங்களா?” என்றார்.

“கிழிச்சுப் போடேன் அதை. ஏன் தூக்கிட்டுத் திரியறே?”

“ரெண்டு தடவை எடுத்தேன். பாதிக்கு மேல தம்பி சொன்னதுக்கா. கை வரலை.”

தூரத்திலிருந்து சூப்பர்வைசர் ஏதோ கத்தினார். மூன்றாம் நம்பர் டிரம் ஏன் நிற்கிறது என்று கேட்கிறார், அதற்கும் அர்த்தம் சொல்ல ஆள் வேண்டாம். டிரம் வாய் திறந்து கிடந்தது. உள்ளே நூறு நீல விரிப்பு. டிக்‌ஷனரி இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நான் நோட்டை விரிப்புகளுக்கு நடுவில் செருகினேன், கதவைச் சாத்தித் தாழை அழுத்தினேன். தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கம் ரகளை. சூப்பர்வைசர் என்னைக் கைநீட்டிக் கூப்பிட்டார். உன் கண் எங்கே போச்சு, போய் நீயே பொறுக்கு என்று. குளித்து உடை மாற்றிக்கொண்டு போனேன். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சிட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் ஈர விரிப்பு. நானும் எதிரே உட்கார்ந்தேன்.

“எந்தக் கபோதிக்கா காகிதத்தைப் பாக்காம உள்ள விட்டது?”

“நான்தான்.”

“நீங்களா?” கை நின்றது. “இருபது வருஷமா ஒண்ணுகூட விடலைன்னு சொல்லிக்குவீங்களே.”

“இன்னிக்கு விட்டுட்டேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வயசாகிறது என்று நினைத்திருப்பாள். அதற்குமேல் திட்டவில்லை. இரண்டு பேரும் கிள்ளி எடுத்துக்கொண்டே இருந்தோம். கூழாகி ஒட்டிய துணுக்குகள். ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. ஒன்றில் மட்டும் லேசாக ரோஸ் நிறம் இருந்தது. அதைச் சிட்டு நகத்தில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“செவப்பு மை போலருக்கு. யாரோ மெனக்கெட்டு எழுதியிருக்காங்க, பாவம்” என்று சொல்லி வாளியில் போட்டாள்.

அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“காலையில அவரு தட்டுல ரெண்டு முட்டை வெச்சேன்கா. மூஞ்சியைப் பாக்கலை, வெச்சுட்டு வந்துட்டேன்.”

“ம்.”

“மெலிஞ்சு போயிட்டாரு. தெரியாத மனுசன் என்ன பண்ணுவாரு? தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லாம இருந்திருப்பாரா?”

நான் ஒரு துணுக்கைக் கிள்ளி வாளியில் போட்டேன்.

“சொல்லியிருப்பாரு” என்றேன்.

“அதான்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரிப்பின் ஒரு பக்கத்தை என் பக்கம் தள்ளினாள். “அந்த முனையைப் பிடிங்கக்கா, அதுல நெறைய ஒட்டியிருக்கு.”

நான் பிடித்தேன்.